மணமும் மூளையும்
அந்துப்பூச்சியின் புலனறிவு பற்றிய சில குறிப்புகள்

ஐம்புலன்களுள் ஒவ்வொன்றினால் அழிவெய்தும் உயிர்கள் ஐந்து என்று கூறுவது எமது சமய, நீதி இலக்கிய மரபில் நெடுங்காலமாக வழங்கி வருவதொன்று. ஓசையால் அசுணமும், ஊற்றினால் யானையும், சுவையால் மீனும், நாற்றத்தால் வண்டும், ஒளியால் விட்டிலும் கெடும் என்பர். இப்பாகுபாட்டிலே விட்டில் கண்ணுக்கு உரியதாயிற்று. மூக்கு வண்டுக்கு ஒதுக்கப்பட்டது. விளக்கில் வீழ்ந்து மடியும் பூச்சியைக் கண்டவர்கள் இவ்வாறு கருதியதில் வியப்பில்லை. ஆயினும் இரவில் வாழும் அந்துப்பூச்சிகளின் வாழ்வைத் தீர்மானிக்கும் புலன் எதுவென்று வினவின், அது நாற்றமே என்பது கடந்த நூற்றாண்டின் ஆய்வுகளால் ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்டுள்ளது.

இலக்கிய ஆய்வில் ஈடுபட்டுள்ள நாம் பூச்சியின் மூளையைப் பற்றி எழுதப் புகுவதற்குக் காரணம் கூறவேண்டும். மனித உணர்வுகளையும் கலையுணர்ச்சியையும் 'இயல்பூக்கம்' என்ற ஒரு சொல்லுக்குள் அடக்கிவிடும் போக்கு எம்மிடையே வலுவாக உண்டு. காதலைப் பாடும் கவிதைக்குச் சமூக அடிப்படை எதுவுமில்லை, அது பிறப்பிலேயே அமைந்த உந்துதலின் வெளிப்பாடு, பூச்சிக்கும் புலவனுக்கும் அதில் வேறுபாடில்லை என்று வாதிப்போரை ஆய்வரங்குகளில் அடிக்கடி சந்திக்கிறோம். 1975ஆம் ஆண்டு எட்வேட் வில்சன் தமது சமூகஉயிரியல் நூலை வெளியிட்டபின் இவ்வாதம் விஞ்ஞானத்தின் உடையையும் அணிந்துகொண்டது. வில்சன் எறும்புகளின் மணத்தொடர்பை ஆராய்ந்து புகழீட்டியவர் என்பது இவ்விடத்தில் மனங்கொளத்தக்கது. எனவே பூச்சியிடம் செல்லுமாறு எம்மை அழைப்போரின் அழைப்பை ஏற்று, பூச்சியிடமே சென்று பார்ப்பது நன்று. அங்கே உண்மையில் நடப்பது என்ன?

இவ்வாராய்ச்சியின் வரலாறு பிரான்சின் தென்பகுதியிலுள்ள செரிஞான் என்னும் சிற்றூரில் தொடங்குகிறது எனலாம். ஜீன் ஹென்றி ஃபாபர் அங்கு தமது வீட்டில் பெரிய மயிற்கண் அந்தின் பெண்பூச்சி ஒன்று கூட்டிலிருந்து வெளிவந்ததும் அதனைக் கம்பிவலைக் கூண்டில் அடைத்து வைத்தார். அன்றிரவே ஏறத்தாழ நாற்பது ஆண்பூச்சிகள் திறந்த சாளரங்களின் வழியே வீட்டினுள் புகுந்தன. எட்டு இரவுகளில் வந்தவை 150 வரையாகும். பெண்பூச்சியைக் காற்றுப்புகாத கண்ணாடிக் கலத்துள் அடைத்தபோது ஒன்றும் வரவில்லை. வேறோர் இனத்தைக் கொண்டு செய்த பரிசோதனையில், பெண்பூச்சி கண்ணுக்குத் தெரியக்கூடிய கண்ணாடிக்குள் இருக்க, ஆண்பூச்சிகளோ அது முன்பு அமர்ந்திருந்த மரக்கிளையைச் சுற்றியே மொய்த்தன. கண்ணாற் காண்பதை விட்டு, இல்லாத ஒன்றின் எச்சத்தை அவை நாடின. இவ்வளவு கண்டும் ஃபாபர் முழுமையாகத் தெளியவில்லை. தம் மூக்குக்கு எவ்வித மணமும் எட்டாமையாலும், நாப்தலீன் போன்ற கடும் நெடிகளைப் பரப்பியும் பூச்சிகள் தடுமாறாமையாலும் வேறேதேனும் அலைகள் இருக்கக்கூடுமோ என்றும் அவர் எண்ணிப் பார்த்தார். மனிதனின் புலனை எல்லாப் புலன்களுக்கும் அளவுகோலாகக் கொள்வதால் நேரும் இடர்ப்பாடு இது.

அப்பொருளைக் கையிற் பிடித்துக் காட்டியவர் ஜேர்மன் இரசாயனவியலாளரான அடோல்ப் பூட்டனான்ற். பாலோமோன்கள் பற்றிய ஆய்வுக்காக 1939இல் நோபல் பரிசுக்குத் தெரிவாகி, நாசி அரசின் நிர்ப்பந்தத்தால் அதனை மறுக்க நேர்ந்தவர் அவர். 1936இல் அதே நாசிக் கட்சியில் உறுப்பினராகச் சேர்ந்திருந்தவரும் அவரே. ஏறத்தாழ இருபதாண்டு உழைப்பின் பின் 1959இல் அவரும் அவரது குழுவினரும் பட்டுப்பூச்சியின் ஈர்ப்புப் பொருளைத் தனிமைப்படுத்தி அதன் கட்டமைப்பையும் அறிவித்தனர். பதினாறு காபன் அணுக்களைச் சங்கிலியாகக் கொண்டதும், இரு இரட்டைப் பிணைப்புக்களை உடையதுமான ஓர் அற்ககோல் அது. பட்டுப்பூச்சியின் பேரினப் பெயரான பொம்பிக்ஸ் என்பதிலிருந்து பொம்பிக்கோல் எனப் பெயர் பெற்றது.

சில மில்லிகிராம் அளவான அப்பொருளைப் பெறுவதற்கு ஏறத்தாழ ஐந்து இலட்சம் பெண்பூச்சிகளின் சுரப்பிகள் வெட்டி எடுக்கப்பட்டன. விஞ்ஞான வரலாற்று நூல்கள் இவ்வெண்ணை வியப்புக்குறியுடன் கூறி அப்பாற் செல்லும். ஐந்து இலட்சம் பூச்சிகள் ஓரிடத்தில் கிடைப்பது எவ்வாறு? காட்டில் வாழும் எந்த இனத்தைக் கொண்டும் இதனைச் செய்திருக்க முடியாது. சீனத்திலும் பின்னர் யப்பானிலும் இத்தாலியிலும் உழவர் குடும்பங்கள், சிறப்பாகப் பெண்கள், முசுக்கட்டை இலை பறித்துப் போட்டு, ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக வளர்த்தெடுத்த உயிரினமே பட்டுப்பூச்சி. அந்த உழைப்பு அதன் உடலையே மாற்றிவிட்டது. வளர்ப்புப் பட்டுப்பூச்சியால் இன்று பறக்க இயலாது. பெண்ணின் மணத்தை உணர்ந்த ஆண், சிறகுகளை அடித்துக்கொண்டு நடந்தே செல்கிறது. பறக்காத பூச்சி, மேசைமேல் வைத்து ஆராய்வதற்கு மிக வாய்ப்பானது. இத்துறையின் பெரும் கண்டுபிடிப்புகளிற் பல இப்பூச்சியிலேயே நிகழ்ந்தன என்பதற்கு இதனினும் வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

அதே 1959இல் கார்ல்சன், லூஷர் என்னும் இருவர் இத்தகைய பொருள்களுக்குப் பெரோமோன் என்ற பொதுப்பெயரைச் சூட்டினர். சுமத்தல், கிளர்த்தல் எனப் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களின் கூட்டு அது. உடலுக்குள்ளே சுரந்து அவ்வுடலையே ஆள்வது ஓமோன்; உடலுக்கு வெளியே சென்று தன்னினத்தைச் சேர்ந்த பிறிதோர் உடலைத் தாக்குவது பெரோமோன். இதனை 'இனக்கவர்ச்சிச் சுரப்பு' என்று தமிழாக்குவோர் உளர். எறும்பின் வழித்தடப் பொருளும் தேனீயின் அபாய அறிவிப்பும் பெரோமோன்களே ஆகையால் அத்தமிழாக்கம் பொருளைக் குறுக்கிவிடுகிறது. எனவே நாம் கடன்சொல்லையே கொள்கிறோம்.

இனி மணம் மூளையை அடையும் வழியை நோக்குவோம். ஆண் பட்டுப்பூச்சியின் உணர்கொம்பு இருபுறமும் பற்கள் அமைந்த சீப்பினைப் போன்றது. அதில் ஏறத்தாழ 17,000 நீண்ட நுண்மயிர்கள் உள்ளன. ஒவ்வொரு மயிரினுள்ளும் இரண்டு நரம்புக்கலங்கள். ஒன்று பொம்பிக்கோலுக்கு மட்டும் உரியது, மற்றையது அதனோடு நெருங்கிய உறவுடைய அல்டிகைட்டான பொம்பிக்காலுக்கு உரியது. 1957இல் டீட்றிச் ஷ்னைடர் உணர்கொம்பின் இரு முனைகளிலும் மின்வாய்களைப் பொருத்தி, பெண்ணின் மணம் படும்போது ஏற்படும் மின்னழுத்த மாற்றத்தைப் பதிவுசெய்தார். அவரோடு சீவீசன் ஆய்வகத்திற் பணியாற்றிய கார்ல் ஏர்ன்ஸ்ற் கைஸ்லிங்கும் பிறீஸ்னரும் 1970இல் வெளியிட்ட முடிவு இத்துறையின் மைல்கல்லாகும்: பொம்பிக்கோலின் ஒரேயொரு மூலக்கூறு நரம்புக்கலத்தில் ஒரு கணத்தாக்கத்தைத் தோற்றுவிக்கப் போதுமானது.

பத்திரிகைகளில் இச்செய்தி 'ஒரு மூலக்கூறை முகர்ந்து பெண்ணைத் தேடும் பூச்சி' என்ற வடிவத்தில் உலவியதுண்டு. அது பிழை. ஒரு மூலக்கூறினால் ஒரு கலம் கிளர்ச்சியடையும், பூச்சி அசையாது. எந்த மணமும் இல்லாத தூய காற்றிலும் அக்கலங்கள் முற்றாக ஓய்ந்திருப்பதில்லை. ஒவ்வொன்றும் ஏறத்தாழப் பத்துச் செக்கனுக்கு ஒருமுறை தானாகவே ஒரு கணத்தாக்கத்தை அனுப்புகிறது. ஒரு கொம்பின் 17,000 கலங்களையும் கூட்டினால் செக்கனுக்கு 1,700 வரையான வெற்றுத் தாக்கங்கள் மூளைக்கு ஓயாது செல்கின்றன. இவ்வெண்ணிக்கை தற்செயலாகச் சற்றுக் கூடியும் குறைந்தும் வரும்; புள்ளிவிபரவியலின்படி அந்த ஏற்ற இறக்கம் எண்ணிக்கையின் வர்க்கமூலமாகும், அதாவது ஏறத்தாழ 40. பொம்பிக்கோலினால் செக்கனுக்கு 200 அளவான மேலதிகத் தாக்கங்கள் சேரும்போதே ஆண்பூச்சி சிறகடிக்கத் தொடங்குகிறது என்பது அளவீடுகளிலிருந்து பெறப்பட்டது. தற்செயலான ஏற்ற இறக்கத்தால் ஒருபோதும் எட்டமுடியாத அளவு அது.

இதன் பொருள் யாது? தனியொரு கலத்தின் சான்றை மூளை நம்புவதில்லை. ஆயிரக்கணக்கான கலங்களின் நார்கள் மிகச் சில நரம்புக்கலங்களில் வந்து குவிகின்றன. அக்குவிவில் தனிக்கலங்களின் வீண்பேச்சு ஒன்றையொன்று சமன்செய்து மறைய, பொதுவான செய்தி மட்டும் எழுந்து நிற்கிறது. அளவு மாற்றம் ஓர் எல்லையில் பண்பு மாற்றமாவதற்கு ஏங்கல்ஸ் நீர் கொதிப்பதையும் இரசாயனச் சேர்மங்களையும் எடுத்துக்காட்டினார். அசையாதிருந்த பூச்சி எழுந்து நடக்கும் அந்தக் கணத்தையும் அவ்வரிசையிற் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் இத்தகைய ஒப்புமைகளைக் கண்டதும் ஆய்வு முடிந்துவிட்டதாக எண்ணும் பழக்கம் எம்மவர் சிலரிடம் உண்டு. எல்லை எங்கு உளது, ஏன் அங்கு உளது என்பதைக் கைஸ்லிங் எண்ணிக் கணித்ததாலேயே இங்கு நாம் அதைப் பற்றிப் பேச முடிகிறது.

மயிரினுள் நடப்பதும் சுவையானதே. காற்றில் வந்த மூலக்கூறு மயிரின் மேற்பரப்பிலுள்ள நுண்துளைகளின் வழியே உட்புகுகிறது. உள்ளே நீர்ப்பாயம், பொம்பிக்கோலோ எண்ணெய்த்தன்மை உடையது, நீரில் எளிதிற் கரையாதது. வேறோர் இனப் பெரிய அந்தில் 1981இல் வோக்ற், றிடிபோட் என்னும் ஆய்வாளர்கள் கண்டறிந்த ஒருவகைப் புரதம் இம்மூலக்கூறைத் தன் அகட்டில் ஏந்திக் கலத்தின் மென்சவ்வுவரை கொண்டு செல்கிறது. பட்டுப்பூச்சியில் இப்புரதத்தின் முப்பரிமாண வடிவம் 2000இல் வெளியாயிற்று. வந்த செய்தி அங்கேயே தேங்கிவிடலாகாது. தேங்கினால் அடுத்த செய்தியை வாங்க இயலாது. எனவே அதே பாயத்தில் மூலக்கூறைச் சிதைக்கும் நொதியங்களும் உண்டு. 1985இல் அளக்கப்பட்ட ஒரு நொதியத்தின் முன்னிலையில் பெரோமோனின் அரைவாசி 15 மில்லிசெக்கனில் அழிந்துவிடுகிறது. மென்சவ்விலுள்ள வாங்கிப் புரதம் தன் துணைப்புரதத்தோடு சேர்ந்து தானே அயன்கள் புகும் வாயிலாக அமைகின்றது என்பது 2008இல் தெளிவாயிற்று.

பொம்பிக்கோலின் வாங்கி 2004இல் யப்பானிய ஆய்வாளரால் இனங்காணப்பட்டது. அதன் தொடர்ச்சியாக 2011இல் வெளிவந்த ஒரு பரிசோதனையை இலக்கிய மாணவர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் நன்று. கோவாச் செடியைத் தாக்கும் வைரமுதுகு அந்து பட்டுப்பூச்சியோடு தொடர்பற்ற வேறோர் இனம். அதன் பெண் வெளியிடும் பெரோமோனும் வேறு. அவ்வந்தின் வாங்கிப் புரதத்தைப் பட்டுப்பூச்சி ஆணின் பொம்பிக்கோல் கலங்களில் தோன்றுமாறு பரம்பரையலகை மாற்றி அமைத்தனர். அப்பட்டுப்பூச்சி ஆண்கள் வைரமுதுகு அந்தின் பெண்மணம் பட்டதும் சிறகடித்துத் தேடத் தொடங்கின. பட்டுப்பூச்சியின் மூளையில் எவ்வித மாற்றமும் செய்யப்படவில்லை. ஆகவே 'பெண்' என்ற பொருள் அம்மூலக்கூறில் உறைந்திருக்கவில்லை. அக்கலத்தின் நார் மூளையில் எங்கு சென்று எவற்றோடு இணைகின்றது என்பதிலேயே அப்பொருள் உள்ளது.

இதற்கு மறுதலையான சான்றும் உண்டு. மேலே கூறிய பொம்பிக்கால் பட்டுப்பூச்சி ஆணிடம் பொம்பிக்கோலின் விளைவைத் தணிக்கிறது. புகையிலைச் செடியின் கொம்புப்புழு வளர்ந்து உருவாகும் மண்டுக்கா என்னும் பெரிய அந்தில் அதே பொம்பிக்கால் பெண்ணின் அழைப்புக்கு இன்றியமையாத கூறாகும். (மண்டுக்கா என்ற பெயருக்கும் தவளையைக் குறிக்கும் வடசொல்லுக்கும் உறவில்லை, பெருந்தீனிக்காரனைக் குறிக்கும் இலத்தீன் சொல்லடியாகப் பிறந்தது அது. புழு இலையைத் தின்னும் வேகத்தைக் கண்டோர் பெயரின் பொருத்தத்தை உணர்வர்.) ஓரிடத்தில் தணிப்பது, மற்றோரிடத்தில் அழைப்பது. ஐரோப்பியச் சோளத் தண்டுதுளைப்பானில் இது இன்னும் நுட்பமாகின்றது. அதன் இரு வகுப்புகளும் அதே இரு சேர்மங்களையே பயன்படுத்துகின்றன. ஒன்றில் விகிதம் ஏறக்குறைய 97க்கு 3, மற்றதில் 1க்கு 99. ஒரு வகுப்பின் ஆண் மற்றதன் பெண்ணைப் பொதுவாக நாடுவதில்லை. சொல் ஒன்றாயினும் தொடர் வேறு என்று இலக்கணகாரர் கூறுவர்.

நரம்புநார்கள் சென்று சேரும் மூளைப்பகுதி உணர்கொம்புச் சோணை எனப்படும். அது சிறு கோளங்கள் பல சேர்ந்த திரள். பட்டுப்பூச்சியில் இவ்வாறான சாதாரணக் கோளங்கள் அறுபது வரையில் உள்ளன. இலையின் மணம், பூவின் மணம் முதலியவை அவற்றில் கையாளப்படுகின்றன. ஆண்பூச்சியில் மட்டும் கொம்பு நரம்பு நுழையும் வாயிலருகே பெண்ணின் பெரோமோனுக்கென்றே ஒதுக்கப்பட்ட பெருங்கோளத் தொகுதி ஒன்று காணப்படுகிறது. பொம்பிக்கோல் கலங்களின் நார்கள் அதில் வளைய வடிவான பகுதிக்கும், பொம்பிக்கால் கலங்களின் நார்கள் முகில் போன்ற பகுதிக்கும் செல்கின்றன.

ஆணின் மூளையில் மட்டும் உள்ள உறுப்பு என்றதும், பால்வேறுபாடு மூளையிலேயே எழுதப்பட்டிருக்கிறது என்ற முடிவுக்குத் தாவுவது எளிது. மண்டுக்கா அந்தை ஆராய்ந்த ஷ்னைடர்மன், மற்சுமோட்டோ, ஹில்டபிறாண்ட் ஆகிய மூவரும் 1982இல் வெளியிட்ட ஆய்வு இவ்விடத்தில் எம்மைத் தடுத்து நிறுத்துகின்றது. புழுப்பருவத்தில், பிற்காலத்தில் உணர்கொம்பாக வளரவிருக்கும் இழையத்தை ஆணிலிருந்து எடுத்துப் பெண்ணில் ஒட்டினர். அப்பெண்புழு வளர்ந்து பூச்சியானபோது அதற்கு ஆணின் கொம்பு இருந்தது. அதன் மூளையிலும் ஆணுக்கேயுரிய பெருங்கோளத் தொகுதி உருவாகியிருந்தது. 1986இல் வெளிவந்த தொடராய்வில் அத்தகைய பெண்பூச்சிகள் காற்றுக்குடைவில் பெண்ணின் பெரோமோனை நோக்கி எதிர்க்காற்றிற் பறந்து செல்லவும் செய்தன. மூளை முன்கூட்டியே வரையப்பட்ட வரைபடத்தின்படி தன்பாட்டில் வளர்ந்து புலனுறுப்புக்காகக் காத்திருப்பதில்லை. உலகோடு தொடர்புகொள்ளும் உறுப்பே தனக்கு வேண்டிய மூளையை ஆக்குவதிற் பங்குகொள்கிறது. கருத்துமுதல்வாதி மட்டுமன்றி, மூளையை முடிவுற்ற இயந்திரமாகக் காணும் பொறிமுறைப் பொருள்முதல்வாதியும் இவ்வுண்மைக்கு விடைகூற வேண்டியவனாகின்றான்.

பெருங்கோளத் தொகுதியில் கூடிய செய்தி அங்கேயே உருமாறுகிறது. சோணைக்குள்ளேயே தொடங்கி அங்கேயே முடியும் உள்ளூர்க் கலங்கள் ஒன்றையொன்று அடக்குகின்றன. வெளிச்செல்லும் கலங்கள் அவ்வடக்குதலுக்கு உட்பட்டே பேசுகின்றன. இதன் விளைவாக மணம் தொடங்கியதும் வெளிச்செல்லும் கலத்தில் கணத்தாக்கங்கள் விரைந்தெழுந்து, உடனே அடக்கப்பட்டு ஓய்கின்றன. அடுத்த மணத்துணுக்கு வந்ததும் மீண்டும் எழுகின்றன. இத்துண்டாட்டம் எதற்காக என்பதைப் புரிந்துகொள்ளப் பூச்சியின் மூளையை விட்டு வெளியே வந்து காற்றைப் பார்க்க வேண்டும்.

ஊதுபத்திப் புகையை அவதானித்தோர் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர். புகை சீராகப் பரவிச் செறிவு குறைந்து செல்வதில்லை. காற்றின் சுழிப்பில் முறுகி, இழைகளாகப் பிரிந்து, இடையிடையே வெற்றுவெளி விட்டுச் செல்கிறது. பெரோமோனும் அவ்வாறே. பெண்பூச்சியிலிருந்து பல மீற்றர் தொலைவிலும் ஓரிழையினுள் செறிவு மிகுந்திருக்கலாம். அருகிலும் இழைகளுக்கிடையே ஒன்றும் இல்லாதிருக்கலாம். எனவே செறிவு கூடும் திசையைத் தேடிச் செல்வதால் பூச்சிக்குப் பயனில்லை. 1974இல் கென்னடியும் மார்ஷும் காட்டியபடி, மணம் 'புறப்படு' என்று மட்டுமே கூறுகிறது. திசையைக் கூறுவது காற்று. பறக்கும் பூச்சி கீழே நிலத்தின் தோற்றம் தன் கண்ணில் நகரும் விதத்தைக் கொண்டு காற்றின் திசையை அறிந்துகொள்கிறது. (விட்டிலைக் கண்ணுக்கு உரியதாக்கிய முன்னோர் முற்றிலும் தவறிழைத்தாரல்லர் போலும்.) மணவிழை பட்டால் எதிர்க்காற்றில் முன்னேறும்; இழை தவறினால் குறுக்காக அங்குமிங்கும் பறந்து தேடும். 1994இல் இரு ஆய்வுக்குழுக்கள் மணத்தைத் துடிப்புத் துடிப்பாக வெளியிட்டு, ஒவ்வொரு துடிப்புக்கும் பூச்சி ஒருமுறை முன்பாய்வதை நிறுவின. இடைவெளியின்றி ஒரே சீராக மணம் நிறைந்த காற்றில் முன்னேற்றம் குலைந்துவிடுகிறது. ஓயாத பேச்சு செய்தியாவதில்லை. பேச்சுக்கிடையே அமைதி வேண்டும். மயிரினுள் நொதியம் விரைந்து சிதைப்பதும், சோணையில் உள்ளூர்க் கலங்கள் அடக்குவதும் அந்த அமைதியைப் பேணுவதற்கே.

மேல்மூளையிலிருந்து சிறகுக்கும் காலுக்கும் கட்டளை இறங்கும் வழியில், பட்டுப்பூச்சியில், விசித்திரமான நரம்புக்கலங்கள் உள்ளன. ஒரு மணத்துடிப்புப் பட்டதும் அவை ஓய்ந்த நிலையிலிருந்து கிளர்ந்த நிலைக்கு மாறி, அடுத்த துடிப்பு வரும்வரை அந்நிலையிலேயே நிற்கின்றன. அடுத்த துடிப்பில் மீண்டும் ஓய்கின்றன. இடப்புறமும் வலப்புறமும் மாறிமாறித் திரும்பும் நடைக்கு இவையே அடிப்படை. மணம் நின்றபின்பும் மணத்தின் நினைவு சிறிது நேரம் நரம்பில் தங்கியிருக்கிறது. தோக்கியோப் பல்கலைக்கழகத்தில் கன்சாக்கியும் குழுவினரும் 2013இல் வெளியிட்ட ஆய்வில், காற்றில் மிதக்கும் பந்தின்மேல் ஆண்பூச்சியை நடக்கவிட்டு, அதன் நடையால் ஓர் இயந்திர வண்டியைச் செலுத்தச் செய்தனர். வண்டி பெரோமோன் வரும் இடத்தைச் சென்றடைந்தது. வண்டியின் சக்கரங்களை வேண்டுமென்றே ஒருபக்கம் இழுக்குமாறு அமைத்தபோதும் பூச்சி தன் நடையைத் திருத்திக்கொண்டு இலக்கை நாடிற்று. கட்டளைக்கு ஆடும் பொம்மையால் இது இயலாது; தன் அசைவின் விளைவைக் கண்டு அசைவை மாற்றும் உயிர் அது.

இன்னுமொன்றைக் கூறவேண்டும். கறுப்பு வெட்டுப்புழுவின் அந்தில் பிரெஞ்சு ஆய்வாளர் நடத்திய பரிசோதனைகளில், புதிதாக வெளிவந்த இளம் ஆண் பெண்ணின் மணத்துக்கு அசைவதில்லை என்பது தெரியவந்தது. அதன் கொம்பு மணத்தை நன்றாகவே உணர்கிறது. சில நாட்களில் இளமை ஓமோன் எனப்படும் சுரப்பின் அளவு உயர, உணர்கொம்புச் சோணையின் கலங்கள் கூர்மையடைகின்றன. அப்போதே ஆண் தேடத் தொடங்குகிறது. 2001இல் வெளியான ஆய்வு இதனினும் குறிப்பிடத்தக்கது. புணர்ச்சி முடிந்த ஆண் அன்றிரவு பெண்ணின் மணத்தைப் பொருட்படுத்துவதில்லை. கொம்பின் உணர்திறன் மாறவில்லை, மூளையின் பதிலே மாறியுள்ளது. அடுத்த இரவில் அது மீள்கிறது. மணத்துக்கு அடிமை என்று நாம் கருதிய பூச்சியும் தன் உடல்நிலையையும் சற்றுமுன் நடந்ததையும் கணக்கிற் கொண்டே மணத்துக்கு விடையளிக்கிறது.

பூச்சியைக் காட்டி மனிதனை விளக்க முற்படுவோரிடம் இப்போது நாம் கேட்கக்கூடியது இதுதான். பத்து இலட்சத்துக்கும் குறைந்த நரம்புக்கலங்களைக் கொண்ட ஓருயிரிலேயே குறியின் பொருள் தொடர்பினால் அமைகின்றது; உறுப்பு மூளையை ஆக்குகின்றது; கடந்த நிகழ்வு விடையை மாற்றுகின்றது. இவ்வாறிருக்க, ஏறத்தாழ 8,600 கோடி நரம்புக்கலங்களோடு, மொழியையும் உழைப்பையும் வரலாற்றையும் உடைய மனிதனிடத்தில் மாறாத இயல்பூக்கம் என்ற ஒன்றைத் தனித்து எடுத்துக் காட்டுவது எங்ஙனம்? 1975இல் லெவோன்ரின், கூல்ட் முதலிய உயிரியலாளரே வில்சனுக்கு எதிராகக் கையொப்பமிட்டு எழுதினர். அவர்கள் உயிரியலை மறுத்தாரல்லர். உயிரியலின் பெயரால் நிலவும் சமூக ஏற்றத்தாழ்வை நியாயப்படுத்துவதையே மறுத்தனர். எம்மவருட் சிலர் இவ்விவாதத்தில் உயிரியல் முழுவதையும் எதிர்த்தரப்பிடம் கையளித்துவிட்டு ஒதுங்குவது வருந்தத்தக்கது.

ஆய்வுகூடத்தில் அறிந்தது வயலுக்கு எவ்வாறு சென்றது என்பதும் தனியாக எழுதத்தக்க வரலாறு. இங்கு சிறிது தொடுவோம். பருத்தியின் இளஞ்சிவப்புக் காய்ப்புழுவின் பெரோமோன் 1973இல் சரியாக இனங்காணப்பட்டது. அதற்கு ஏழாண்டு முன்னர் அறிவிக்கப்பட்ட சேர்மம் பிழையானது. செயற்கையாக ஆக்கிய பெரோமோனை வயலெங்கும் நிரப்பினால் ஆண்பூச்சி பெண்ணின் இழையைப் பிரித்தறிய முடியாது திகைக்கும்; மேலே கூறிய இடைவெளி விதியை எதிராகப் பயன்படுத்துவதே இம்முறை. ஐக்கிய அமெரிக்காவில் 1978இல் இதற்கு அரச அனுமதி கிடைத்தது. மலட்டுப் பூச்சிகளை விடுவித்தல், மரபணு மாற்றிய பருத்தி ஆகியவற்றோடு இதனையும் சேர்த்து, 2018இல் அந்நாட்டுப் பருத்தி வயல்களிலிருந்து அப்புழு ஒழிக்கப்பட்டதாக அறிவித்தனர். ஒவ்வோர் இனத்துக்கும் தனித்தனிப் பெரோமோன் என்பது உழவனுக்கு நன்மை. எல்லாவற்றையும் கொல்லும் ஒரே மருந்தை எல்லாருக்கும் விற்கும் நிறுவனத்துக்கு அது சிறிய சந்தை. இம்முறை பரவிய வேகத்தை விளங்கிக்கொள்ள இதுவும் உதவும்.

எமது நாட்டுக்கும் இவ்வரலாற்றில் ஓரிடம் உண்டு. தேயிலை இலைகளை ஒட்டி மடித்து அதனுள் வாழும் தேயிலைச் சுருட்டுப்புழுவின் பெரோமோனை 1978இல் அமெரிக்க ஆய்வாளரோடு இணைந்து வெளியிட்டவர்களுள் ஒருவர் தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த சிவபாலன். அப்புழுவைக் கட்டுப்படுத்த 1930களின் நடுப்பகுதியிலேயே ஜாவாவிலிருந்து ஓர் ஒட்டுண்ணிக் குளவி கொண்டுவரப்பட்டு, அது மலையகத்தில் நன்கு நிலைபெற்றிருந்தது. பின்னர் தண்டைத் துளைக்கும் வண்டைக் கொல்வதற்கெனத் தோட்டங்களில் டீல்ட்றின் தெளிக்கப்பட்டது. கருவியை முதுகிற் சுமந்து தெளித்தவர்கள் தோட்டத் தொழிலாளர்களே. மருந்து வண்டை மட்டும் தேர்ந்து கொல்லவில்லை, குளவியும் மடிந்தது. அடங்கிக் கிடந்த சுருட்டுப்புழு தெளித்த தோட்டங்களிலெல்லாம் மீண்டும் பெருகிற்று.